தொட்டி முனையில் நாற்பத்து மூன்று வீடுகள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஒரு பெட்டியிலிருந்து எடுத்தேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு டெலிவரி கிடங்கில். பார்சலைத் தொடுகிற வேலை எனக்கு இல்லை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யார் எந்தத் தெருவில் நிற்கிறார், எது போய்ச் சேர்ந்தது, எது திரும்பி வருகிறது என்று எல்லாம் அதில் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்து முடித்ததும் டெலிவரிக்காரர் தன் போனில் 'கொடுத்தாச்சு' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அந்தப் பொத்தானுக்குக் கீழே 'குறிப்பு' என்று ஒரு காலிப் பெட்டி இருந்தது. எல்லாரும் அதைக் காலியாகவே விட்டார்கள். ஒருவர் மட்டும் ஒரு வீடு விடாமல் எழுதினார். இப்படி:

"பச்சைக் கதவு. காது மந்தமான அம்மா. நாலு தடவை தட்டினேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் போட்டாச்சு."

எனக்குக் கதை எழுதும் பழக்கம் உண்டு. சிறுபத்திரிகைகளில் ஆறு கதைகள் வந்திருக்கின்றன. ஏழாவதாக 'வேலை' என்ற பொருளில் ஒன்று கேட்டார் ஓர் ஆசிரியர். எனக்கு இந்தப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. கதையை அனுப்ப இன்றுதான் கடைசி நாள்.

இன்று இன்னொன்றுக்கும் கடைசி நாள். மாலை ஆறு மணியோடு அது முடிகிறது. அதை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். (சொல்லாமல் தள்ளிப்போடத்தான் இவள் எண் போட்டு எழுதுகிறாள் என்று தோன்றினால், சரியாகவே தோன்றியிருக்கிறது.)

ஞாயிற்றுக்கிழமை. மதியம் மணி இரண்டு.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அந்தக் கிடங்குக்குப் புதிய சாஃப்ட்வேர் வந்தது."

மழை பெய்யவில்லை. கதை என்றால் மழையைக் கூப்பிட்டுவிடுகிற புத்தி எனக்கு. விட்டேன்.

இரண்டாம் முயற்சி:

"கொள்முதல், இருப்பு, ஆள் வருகை, வாடிக்கையாளர் புகார், கடைசிக் கட்ட டெலிவரி என்று நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் ஒரே திரையில் இணைத்து, தாமதத்தைக் குறைத்து, வெளிப்படைத்தன்மையை—"

இது விளம்பரத் தாள். உள்ளபடியே எங்கள் கிடங்கின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் தாள். எழுதியது நான்தான். அன்றைக்கு அதில் ஒரு சொல்லையும் நான் சந்தேகப்படவில்லை.

மூன்றாம் முயற்சி:

"தாழ்ப்பாள் என்று அவருக்குப் பெயர் வந்தது இப்படித்தான்."

இதை வைத்துக்கொள்ளலாம். குறிப்புப் பெட்டியில் எழுதியவர் இவர்தான். ஐம்பதை நெருங்கும் மனிதர். ஒல்லி. தலைக்கவசத்தின் வார் அறுந்து, அதற்குப் பதிலாக ஒரு பை நாடாவைத் தைத்துக் கட்டியிருப்பார். பார்சலைக் கையில் கொடுத்த பிறகும் வாசலை விட்டு நகரமாட்டார். வாங்கிய வீட்டுக்காரர் உள்ளே போய், கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போடும் சத்தம் காதில் விழ வேண்டும். அதற்கப்புறம்தான் வண்டியைக் கிளப்புவார். "பொண்ணைப் புகுந்த வீட்டுல விட்டுட்டு வர்ற மாதிரி நிக்கிறாரு" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"கையில குடுத்தா பாதி வேலைதான் மேடம். உள்ள போய்ச் சேரணும்ல" என்றார்.

இந்த ஆளைத்தான் ஒன்பது நாளாக, பார்சலைக் கொடுக்காமலே 'கொடுத்தாச்சு' என்று அமுக்கியவர் என்று வேலையிலிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

3

சொல்கிறேன் என்றேன் அல்லவா. சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி முனையிலிருந்து சரிவில் இறங்கினால் ஒரு பள்ளத்தெரு. நாற்பத்து மூன்று வீடுகள். கீழே போய்விட்டால் போன் மணி அடிக்கும், இன்டர்நெட் மட்டும் வராது. புதிய ஆப் வந்த முதல் வாரத்தில், கீழே நின்று பொத்தானை அமுக்கினால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு ஆப் செத்துப்போகும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை மேலே ஏறி அமுக்கி, மறுபடி இறங்க வேண்டியிருந்தது. அந்தத் தெரு தாழ்ப்பாளின் தெரு. நான்காம் நாள் காலை, பார்சல் பிரிக்கும் நேரத்தில், எல்லார் முன்னாலும் அவர் இதைச் சொன்னார்.

அப்போது அங்கே ஒரு பயிற்சியாளர் இருந்தார். சாஃப்ட்வேர் விற்ற நிறுவனம் அனுப்பிய ஆள். கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, பேசும்போது பேனாவைத் திறந்து மூடுகிற பழக்கம். அவர் கையை அசைத்துச் சொன்னார்:

"கீழ எல்லா வீட்டுக்கும் குடுத்துட்டு, மேல தொட்டிக்கிட்ட வந்து மொத்தமா அமுக்குங்க. நான் பாத்துக்கறேன்."

தாழ்ப்பாள் அப்படியே செய்தார். ஒரு வருடத்துக்கு மேல் செய்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பத்து நாளைக்கு முன் பள்ளத்தெருவிலிருந்து ஒரு அம்மா, பார்சல் வரவில்லை என்று புகார் கொடுத்தார். மறுநாளே அவரே கூப்பிட்டு மன்னிப்பும் கேட்டார். மருமகன் வாங்கி, இஸ்திரி போட்ட துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு வெளியூர் போயிருக்கிறார். புகாரை வாபஸ் வாங்கத் திரையில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினேன். ஆனால் புகார் பிறந்த கையோடு விசாரணையும் பிறந்துவிட்டது. அதை வாபஸ் வாங்கப் பொத்தான் இல்லை.

சாஃப்ட்வேர் அவருடைய பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்துத் தானே ஓர் அறிக்கை எழுதியது. ஒரே நாள், ஒரே இடம். பதினான்கு டெலிவரிகள். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. அதற்கு முன் இரண்டு மணி நேரம் இருபது நிமிடம் காரணமின்றிச் சுற்றல். தீர்ப்பு: பொய் டெலிவரியாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

நாளை திங்கள், காலை பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார். குற்றம் உறுதியானால் தாழ்ப்பாளின் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். இதே சாஃப்ட்வேரை வைத்திருக்கும் எந்த நிறுவனமும் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். எல்லாரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். அப்புறம் அவருக்கு இந்த வேலை எங்கேயும் கிடைக்காது.

விளக்கமோ ஆவணமோ இணைக்க இன்று மாலை ஆறு மணி வரை நேரம். ஆனால் அதற்கு ஆப்புக்குள் நுழைய வேண்டும். அவருடைய நுழைவைப் பூட்டிவிட்டார்கள்.*

* பூட்டப்பட்டவர் தன் விளக்கத்தை ஆப் வழியாக அனுப்ப வேண்டும் என்று விதியில் இருக்கிறது. அந்த விதியைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது.

4

மூன்றரை மணி. இதுவரை எழுதியதைத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் என்னோடுதான் இருக்கிறாள். ஆய்வகத்தில் இரத்த மாதிரிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை, அதுவும் தற்காலிகம். என் கதைகளுக்கு முதல் வாசகி. பிரியத்தால் இல்லை, வீட்டில் வேறு ஆள் இல்லாததால். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே படித்தாள்.

"அக்கா, இந்தப் பயிற்சியாளர் யாரு?"

"சாஃப்ட்வேர் கம்பெனி ஆளு. எழுதியிருக்கேன்ல."

"அந்த ஆளு ரெண்டே நாள் வந்துட்டுப் போயிட்டாருன்னு அப்பவே நீ புலம்பினியே. 'எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டுக் கிளம்பிட்டான்'னு. அப்புறம் நாலாம் நாள் எப்படி வந்து நின்னாரு?"

கதையில் சில நாட்களை நகர்த்திக்கொள்ளலாம், அது எழுதுகிறவளின் உரிமை என்று ஏதோ முனகினேன்.

"சரி, நகர்த்திக்கோ. ஆனா 'நான் பாத்துக்கறேன்'னு சொல்றாரு பாரு. அது யாரு பேச்சு?" ஒரு தலையணை உறையை உதறினாள். "கேஸ் தீந்து போச்சுன்னா, நான் பாத்துக்கறேன். குழாய் ஒழுகுதுன்னா, நான் பாத்துக்கறேன். ஒழுகிட்டுதான் இருக்கு. அந்த ஆளுக்குக் கட்டம் போட்ட சட்டைய மாட்டிவிட்டா ஆம்பளையாயிடுவாரா? உன்ன மாதிரியே பேசுறாரு."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். தாளை வாங்கிக்கொண்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

5

பயிற்சியாளர் இல்லை.

அவரை மூன்றாம் பகுதியிலிருந்து எடுத்துவிடலாம். எடுத்தால் கதை சுத்தமாகிவிடும். ஆனால் எடுக்கப்போவதில்லை. காரணம் எட்டாம் பகுதியில் வரும். அவர் சட்டையோடும் பேனாவோடும் அங்கேயே நிற்கட்டும். மூன்றரை மணி வரைக்கும் நான் யாருக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன் என்று தெரிய வேண்டும்.

அன்று காலை சொன்னது நான். தொட்டிக்கிட்ட வந்து மொத்தமாக அமுக்குங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று, கையை அசைத்து, தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து பேர் முன்னால் சொன்னேன். எழுத்தில் கொடுக்கவில்லை. மேலாளருக்கும் தெரிவிக்கவில்லை. ஒரு வாரத்து ஏற்பாடு என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து மறந்தேன்.

கேட்டுக்கொண்டு நின்ற பத்துப் பதினைந்து பேரும் இன்றும் வேலையில் இருக்கிறார்கள். நான் வாயைத் திறக்காத இடத்தில் அவர்கள் ஏன் திறக்கப்போகிறார்கள்?

பயமாக இருக்கிறது. இதை அழகாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. இந்த வீட்டில் நிரந்தர வேலை என்னுடையது மட்டும்தான்.

6

இதோடு முடிந்திருந்தால்கூட ஒரு மறதி என்று தப்பித்திருப்பேன். இன்னும் இரண்டு பொத்தான்களை நான் அமுக்கினேன். இரண்டையுமே மூன்று மாதங்களுக்கு முன், ஒரே பிற்பகலில்.

முதல் பொத்தான் 'இருப்பிடச் சீரமைப்பு'. எந்த வீட்டுக்கான 'கொடுத்தாச்சு' எந்த இடத்தில் அமுக்கப்பட்டிருக்கிறதோ, அதுதான் அந்த வீடு இருக்கும் இடம் என்று சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளும். பள்ளத்தெருவின் நாற்பத்து மூன்று வீடுகளும் சரிவேறி வந்து தொட்டி முனையில் உட்கார்ந்தன. திரையில் நாற்பத்து மூன்று புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி ஒரே புள்ளியாகத் தெரிந்தன. பார்க்கச் சுத்தமாக இருக்கிறதே என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

தாழ்ப்பாள் இருந்தவரை இதனால் ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு வீடுகள் தெரியும், திரை தேவையில்லை. இந்த ஒன்பது நாளாக அவர் இடத்தில் வேறு கிளையிலிருந்து ஒருவர் வருகிறார். நல்ல மனிதர், தெரு புதிது. ஆப் காட்டுகிற இடத்துக்குப் போகிறார். தொட்டி முனையில் வண்டியை நிறுத்தி ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுகிறார். "மேல வாங்க, பார்சல்." பள்ளத்தெரு மொத்தமும் ஏறி வந்து வாங்கிக்கொண்டு போகிறது. வியாழக்கிழமை நான் பேருந்திலிருந்து பார்த்தேன். காது மந்தமான அம்மாவுக்குப் போன் மணியும் கேட்காது போலிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தாள். நடுச்சரிவில் இருவரும் நின்று மூச்சு வாங்கினார்கள்.

திரையில் என்ன தெரிகிறது தெரியுமா? அந்தத் தெருவுக்கான நேரம் இரண்டு மணி இருபது நிமிடத்திலிருந்து ஐம்பது நிமிடமாக இறங்கியிருக்கிறது. டெலிவரி ஒவ்வொன்றும் வீட்டின் 'சரியான' இருப்பிடத்திலேயே நடக்கிறது. மேலாளர் அந்த வரைபடத்தை அச்செடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறார். "பாருங்க, அந்தாளு போனதும் நேரம் எப்படி எறங்குது" என்று என்னிடமே காட்டினார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் தலையை ஆட்டினேன்.

இரண்டாவது பொத்தானைப் பற்றிச் சொல்வதற்கு முன்—

7

—சைக்கிள் நிறுத்தத்தில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

அறிக்கை வந்த அன்று மேலாளர் அவரைக் கூப்பிட்டு எங்கள் முன்னாலேயே கேட்டார். "யாரு சொல்லி இப்படி அமுக்கினீங்க?"

தாழ்ப்பாள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நானாத்தான் சார்" என்றார்.

எனக்கு வந்த நிம்மதியை இங்கே எழுதி வைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நான்கு நாள் கழித்து, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், சைக்கிள் நிறுத்தத்தில் எனக்காக நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாப்பிட்டீங்களா மேடம்?" என்றார்.

"ம். நீங்க?"

"ஆச்சு." தலைக்கவசத்தின் நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "வீட்டுல கேட்டாங்க மேடம்."

"என்ன கேட்டாங்க?"

"நெசமாவே குடுக்காம அமுக்கிட்டீங்களான்னு. சும்மாதான் கேட்டாங்க. கோவமா இல்ல. இருபத்தி மூணு வருசமா கூட இருக்கிறவங்க, அவங்களுக்கே ஒரு நிமிசம் சந்தேகம் வந்துடுச்சு. கம்ப்யூட்டர் சொல்லுதுல்ல."

நான் என் சைக்கிள் பூட்டைத் திறக்க முயன்றுகொண்டிருந்தேன். சாவி நுழையவில்லை.

"அன்னிக்கி நீங்க ஏன் என் பேரைச் சொல்லல?" என்று கேட்டேன். பூட்டைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"நான் சொன்னா மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும் மேடம். நீங்களே சொல்லுவீங்கன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்றார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெரு திரும்பும்போது பார்த்தேன். இன்னும் அங்கேயே நின்றிருந்தார்.

8

இரண்டாவது பொத்தான்.

தலைமை அலுவலகம் குறிப்புப் பெட்டியை எடுக்கச் சொன்னது. சொற்களை எண்ண முடியாது, எண்ண முடியாததைத் திரையில் காட்ட முடியாது என்றார்கள். அதற்குப் பதிலாக ஏழு காரணங்கள் கொண்ட ஒரு பட்டியல் வந்தது: கதவு பூட்டியிருந்தது, முகவரி தவறு, வாங்க மறுத்தார் என்று ஏழு. மாற்றும்போது திரை ஒரு கேள்வி கேட்டது. 'பழைய குறிப்புகளை நீக்கவா?' ஆம் என்றேன். பதினோராயிரத்துச் சொச்சம் குறிப்புகள், எல்லாமே ஒரே ஆள் எழுதியவை, இமைக்கும் நேரத்தில் போயின.

நீக்குவதற்கு முன் பள்ளத்தெருவின் இருபத்தாறு குறிப்புகளை என் நோட்டுப்புத்தகத்தில் கையால் எழுதிவைத்துக்கொண்டேன். அவருக்காக இல்லை. எனக்காக. கதைக்கு உதவும் என்று.

அதிலிருந்துதான் முதல் பகுதியில் பச்சைக் கதவை எடுத்துக் காட்டினேன். 'தாழ்ப்பாள் போட்டாச்சு' என்று முடிகிறது அல்லவா? அது அங்கே முடியவில்லை. முடித்தது நான். அவர் எழுதியது இது:

"பச்சைக் கதவு. காது மந்தமான அம்மா. நாலு தடவை தட்டினேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் போட்டாச்சு. மேடம் சொன்னபடி தொட்டியில் அமுக்குகிறேன்."

பள்ளத்தெருக் குறிப்பு ஒவ்வொன்றின் கடைசியிலும் அந்த வரி இருந்தது. ஒரு வருடம் முழுவதும், ஒரு வீடு விடாமல். மனிதர் வாசலில் மட்டும் நிற்கவில்லை, எழுத்திலும் நின்றிருக்கிறார். நான் அந்த வரியை ஒரு நச்சரிப்பாகத்தான் பார்த்தேன். 'தாழ்ப்பாள் போட்டாச்சு' என்று முடிந்தால்தான் அழகு என்று பட்டது. அதனால் இருபத்தைந்து குறிப்புகளில் கடைசி வரியை எழுதவே இல்லை. முதலில் எழுதிய இந்தப் பச்சைக் கதவில் மட்டும், யோசிப்பதற்கு முன், கை முழுதாக எழுதிவிட்டது. பிறகு ஒரு கோடு போட்டு அடித்தேன்.

நல்லவேளை, நான் அடித்தால் ஒற்றைக் கோடுதான். பள்ளிக்கூடத்தில் வந்த பழக்கம். கீழே இருப்பதைப் படிக்கலாம்.

இந்தக் கதையிலிருந்து எதையும் நான் ஏன் எடுக்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். மழை அப்படியே இருக்கட்டும். கட்டம் போட்ட சட்டையும் இருக்கட்டும். சுத்தம் செய்து செய்து நான் பண்ணிய காரியம் போதும்.

9

ஐந்து மணி பத்து. முடிவுகள் மூன்று இருக்கின்றன. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் முடிவு: "நான் உண்மையைச் சொன்னதும் மேலாளரின் கண்கள் கலங்கின. அவர் எழுந்து வந்து தாழ்ப்பாளின்—"

எங்கள் மேலாளரின் கண்கள் சொட்டு மருந்து விட்டால்தான் கலங்கும். விட்டேன்.

இரண்டாம் முடிவு: நான் ஒன்றும் சொல்லவில்லை. விசாரணை கால் மணி நேரத்தில் முடிகிறது. பத்திரிகையில் கதை வருகிறது, பயிற்சியாளரோடு. நன்றாக இருக்கிறது என்று நான்கு பேர் சொல்கிறார்கள். 'தாழ்ப்பாள் போட்டாச்சு' என்ற வரியைத்தான் நான்கு பேரும் பாராட்டுகிறார்கள். அதற்கு நான் நன்றி சொல்கிறேன்.

இதுதான் நடக்கச் சாத்தியம் அதிகமான முடிவு. அதனால்தான் இத்தனை பயம்.

மூன்றாம் முடிவை, நானே சொல்லிவிடுவதை, சைக்கிள் நிறுத்தம், நோட்டில் அடித்த வரி எல்லாவற்றோடும் சேர்த்துத் தங்கையிடம் வாயால் சொன்னேன். அவள் மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னா அவரை விட்டுடுவாங்களா?" என்று கேட்டாள்.

"தெரியாது. ரெண்டு பேரையும் அனுப்பிடலாம். அமுக்கினது தப்புதானேம்பாங்க."

"அப்ப சொல்லி அவருக்கு என்ன கெடைக்கும்?"

"வீட்டுல கேட்டாங்கல்ல. அதுக்குப் பதில் கெடைக்கும்."

அலமாரிக் கதவு சரியாக மூடாது, இடுப்பால் இடித்து மூடினாள். எனக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் முடிவுக்கு ஓடியிருப்பேன்.

"மணி அஞ்சே கால்" என்றாள். "அந்த நோட்டை எடு. வெளிச்சத்துல வச்சு போட்டோ எடுக்கணும். கோடு நல்லா தெரியணும், கோட்டுக்குக் கீழ இருக்கிறதும் தெரியணும்."

எடுத்தோம். முதல் இரண்டில் என் நிழல் விழுந்தது. மூன்றாவது சரியாக வந்தது.

10

ஐந்து மணி நாற்பது. ஆப்பில் என் நுழைவைத் திறந்து, அவருடைய விசாரணைக் கோப்பைத் தேடி, 'ஆவணம் இணைக்க' என்ற இடத்துக்கு வந்துவிட்டேன். போட்டோவை ஏற்றியாகிவிட்டது. இந்தக் கதையையும் ஏற்றப்போகிறேன். போட்டோ மட்டும் போனால், அடித்த கோட்டுக்கு நான் எப்படி வேண்டுமானாலும் விளக்கம் சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

திரை கேட்கிறது: 'ஆவண வகை?' ஏழு வகைகள் கொண்ட பட்டியல். கதை என்று ஒரு வகை இல்லை. 'மற்றவை' என்று கொடுத்தேன்.

அடுத்து கேட்கிறது: 'சுருக்கம். நூற்றிருபது எழுத்துகளுக்குள்.'

மதியத்திலிருந்து இத்தனை பக்கம் எழுதியவள் அந்தச் சிறிய கட்டத்துக்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்:

"தொட்டியில் அமுக்கச் சொன்னது நான்."

நான்கு சொற்கள். இன்னும் நிறைய இடம் மீதி இருந்தது.

ஐந்து ஐம்பத்திரண்டு. இந்தப் பத்தியை முடித்ததும் அமுக்குவேன். தங்கை வாசற்படியில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறாள். "போயிடுச்சா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அமுக்கிய பிறகு வட்டம் சுற்றும். அது சுற்றிக்கொண்டே நிற்குமா, போய்ச் சேருமா என்பது எனக்குத் தெரிய வழியில்லை. இந்தப் பக்கம் உங்கள் கையில் இருந்தால், போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

ஆகவே, நாளை விசாரிக்க வரும் ஐயா, அல்லது அம்மா, இத்தனை நேரம் வாசகர் என்று நான் நினைத்துக்கொண்டு பேசியது உங்களிடம்தான். மூன்றரை மணி வரைக்கும் அது எனக்கே தெரியாது. பத்திரிகை ஆசிரியருக்கு இந்த முறை கதை இல்லை என்று எழுதிவிடுகிறேன். முடிவை நான் எழுதப்போவதில்லை. அது என்னுடையது இல்லை, உங்கள் மேசையில் இருக்கிறது. என்னைப் பற்றி என்ன முடிவு செய்தாலும் சரி. ஆனால் அதைச் செய்வதற்கு முன் ஒருமுறை பள்ளத்தெருவில் இறங்கிப் பாருங்கள். மேலாளர் தொட்டி முனையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார். வீடுகள் கீழேதான் இருக்கின்றன.

இன்னொன்று. நாளை பத்து மணிக்கு நீங்கள் உட்காரும் அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அதில் ஒருவர், நாடா தைத்த தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதைப் படித்தீர்களா என்று அவர் உங்களைக் கேட்கமாட்டார். நான் எழுதியது அவருக்கே தெரியாது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும்வரை அங்கேயே இருப்பார்.